அதே மூக்கு

மனசுக்குப் பிடிக்காததைத் திருத்திக் காட்டும் கண்ணாடியை ரேஷன் கடையில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். அம்மாவின் சப்பை மூக்கே தனக்கும் வந்ததென்று பள்ளிக்கூடம் போகாமல் முடங்கிக் கிடந்த தேன்மொழி, கண்ணாடியில் எடுப்பான மூக்கைக் கண்டதும் மறுநாளே பையை மாட்டிக்கொண்டாள். சித்தாள் வேலைக்குப் போகும் பவுனுக்கு, மகள் தேறியதில் நிம்மதிதான். ஆனாலும் அந்த மூக்கு யாருடையது என்றுதான் விளங்கவில்லை.

"நீயும் வந்து நில்லும்மா, மாறிடும்."

சிமெண்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பவுனு நின்றாள். அதே சப்பை மூக்கு. மகள் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள், அப்போதும் அதேதான்.

"உனக்கு மட்டும் ஏம்மா மாறல? ரிப்பேரா?"

"எனக்கென்னடி தெரியும்? என் மூக்கு நல்லாத்தானே இருக்கு!"

தேன்மொழி கண்ணாடியை விட்டு அம்மாவையே பார்த்தாள். மகளின் விரல் தன் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தது.