முந்தைய அளவு

ஊறுகாய் ஜாடியில் செல்போனைச் சாய்த்து வைத்து, அப்பா பலாச்சுளை தின்பதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள் புவனா.

அப்பா கருப்பசாமி செகண்ட் ஷிப்டுக்குப் போகச் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். காடாம்புலியூர்ப் பலா. அவருக்கு அது என்றால் உயிர்.

முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"எதுக்கும்மா படம் புடிக்கிற?"

"சும்மாதாம்பா. பழம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு" என்றார், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி.

சென்னை ஆய்வுக்கூடத்தில் புவனா செய்வதும் இதே வேலைதான். அங்கே அப்பாவுக்குப் பதில் எலி, பலாச்சுளைக்குப் பதில் சர்க்கரைத் தண்ணீர். நரம்பு தேயும் நோய் வந்த எலிக்கு, நடை தடுமாறுவதற்கு முன்பே முகம் செத்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். கண், கன்னம், மூக்கு, காது என்று ஒவ்வொன்றாக அளப்பாள்.

எலிக்கு ஏது முகம் என்று கேட்டுச் சிரிக்காத ஆள் அப்பாவின் கம்பெனி டவுன்ஷிப்பில் கிடையாது. சிரிக்காத ஒரே ஆள் அப்பா. அவர் எதற்குமே சிரிப்பதில்லை.

வில்லங்கமே அதுதான்.

இந்த லீவுக்கு வந்து இறங்கியதுமே அவளுக்குச் சந்தேகம் வந்தது. அப்பா கண் சிமிட்டுவதுகூடக் குறைந்துபோன மாதிரி தெரிந்தது. நடை சரியாக இருந்தது, கை நடுங்கவில்லை, முகம் மட்டும்தான். பாண்டிச்சேரியில் நரம்பு டாக்டரிடம் காட்டலாம் என்றால், எனக்கென்ன கேடு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அம்மா சொன்னால் கேட்பார். அம்மாவை நம்பவைக்க ஆதாரம் வேண்டும்.

அதற்கு எங்கே போவது? முகம் குறைந்துவிட்டது என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். எலிகளை நோய் வருமுன்பே படம் பிடித்து வைத்திருப்பார்கள். அப்பாவை யார் பிடித்து வைத்தார்கள்?

ஆல்பங்களையெல்லாம் புரட்டிவிட்டாள். கல்யாணப் போட்டோவிலும் கம்பெனி அடையாள அட்டையிலும் ஒரே முகம். அவள் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது எடுத்த படத்தில், துக்கம் கேட்க வந்தவர் மாதிரி நிற்கிறார். குவார்ட்டர்ஸில் அவருக்கு 'சிமென்ட்' என்று பெயர். சிமென்ட் இறுகிவிட்டது என்று யாரிடம் போய் அழுவது?

அம்மா விஜயகுமாரி காபி டம்ளரை அப்பாவின் முன்னால் ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். வர வர அம்மாவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மூட்டுவலி போலிருக்கிறது என்று புவனா விட்டுவிட்டாள்.

அப்பா காபியைக் குடித்துவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

புவனா சமையலறைக்குப் போய்ப் படத்தை ஓடவிட்டாள். எலிக்கதை முழுவதையும் சொன்னாள்.

"அப்பாவுக்கும் அந்த வியாதியோன்னு பயமா இருக்கும்மா."

அம்மா போனை வாங்கினாள். முகத்தை அவள் பார்க்கவே இல்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, அப்பாவின் வலது காதை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஓடவிட்டுப் பார்த்தாள். மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தாள்.

"ஆடல" என்றாள்.

"எதும்மா?"

"காதுடி. மனசுக்குப் புடிச்சிருந்தா உங்கப்பாவுக்கு இந்தக் காது லேசா ஏறி எறங்கும். பொண்ணு பாக்க வந்தன்னிக்கே பாத்துட்டேன். மனுசன் உம்முன்னு உக்காந்திருக்காரு, காது மட்டும் ஆடுது. அத நம்பித்தான் சரின்னேன்."

சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் எலிக்கும் முதலில் காதுதான் அசையும். எத்தனையோ எலிக் காதுகளை அளந்தவள், அப்பாவின் காதை அளக்கவில்லை. மனிதக் காதில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்திருந்தாள்.

"எப்பலேருந்தும்மா ஆடல?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என் தம்பி மக கல்யாணத்துக்குப் போகாதன்னாரு. மீறிப் போனேன். அதுக்கப்புறம் நின்னு போச்சு. கோழிக்குழம்பு வச்சுப் பாத்தேன், ஆடல. புதுச்சேலை கட்டிக்கிட்டு முன்னால போய் நின்னேன், ஆடல. சரி, நம்ம மேல இருந்த பிரியம் விட்டுப்போச்சுன்னு நானும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டேன்."

அடுப்பை அணைத்துவிட்டு மகள் கையைப் பிடித்தாள்.

"இது வியாதிதான? நல்லாத் தெரியுமா உனக்கு?"

அம்மாவைத் தேற்றுவதற்கென்று புவனா யோசித்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு வேலையே இல்லாமல் போனது. ஆமாம் என்று தலையாட்டினாள்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பலாச்சுளைத் தட்டை இழுத்து, நன்றாகப் பழுத்த சுளைகளாகப் பார்த்துப் பொறுக்கி, அப்பா வந்ததும் கொடுப்பதற்குத் தனியாக மூடி வைத்தாள்.

"நாளைக்கே பாண்டிச்சேரிக்குப் போறோம். வரமாட்டேன்னு சொல்லட்டும், பாக்குறேன்."

மகள் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வெறும் வியாதிதானாடி!"