கடல் வரை போனவர்

"உங்க கம்பெனி கேசட்டை நீயே பழசா வாங்க வந்திருக்கே. வெக்கமா இல்லையா தம்பி?"

நாகயோஷி பெட்டியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் சிவப்பு எழுத்து: மறுவிற்பனைக்குத் தடை.

ஓசாகாவில் பழைய வீடியோ கேம் விற்கும் கடை அவருடையது. எதிரே நின்ற தமாய், கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைச் சட்டைக்குள் தள்ளினான்.

"போன மாசம்தான் உங்க வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. பழசை வித்தா கோர்ட்டுக்கு இழுப்பாங்களாம். நீ உளவு பாக்க வந்தியா?"

"நான் படம் போடுறவன் ஐயா. இந்த கேம்ல கடைசியா ஒரு கடல் வரும். மூணு வருஷம் வரைஞ்சேன்."

"அதுக்கென்ன?"

"அங்க சண்டை கிடையாது. பாயின்ட் கிடையாது. படகு தானா மிதக்கும். அலை நிறம் மாறிக்கிட்டே இருக்கும். அவ்வளவுதான்."

"இதுக்கு சம்பளம் வேற குடுக்குறாங்க."

"யாரும் அது வரைக்கும் போகலைங்க. புதுசு எத்தனை வித்துச்சுன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. ஆட்டத்தை எங்க விட்டாங்கன்னு பழசுதான் சொல்லும். கேசட்லயே பதிவாகியிருக்கும். மத்த கடைகள்ல ஒன்பது வாங்கிப் போட்டுப் பாத்தேன். எல்லாரும் கடலுக்கு முன்னாடி வர்ற மலையிலேயே விட்டுட்டாங்க. இனிமே கடலே வேண்டாம்னு மேலிடத்துல சொல்றாங்க. எனக்கும் வரையக் கை வரலை. ஒருத்தர் போயிருந்தாக்கூடப் போதும்."

"இங்க ஒண்ணும் இருக்காது. பதிவை அழிச்சிட்டுத்தான் அலமாரில வைப்பேன். எச்சில் தட்டுல எவன் சாப்பிடுவான்?"

"அழிக்காம ஒண்ணே ஒண்ணு..."

"கிடையாது. கிளம்பு."

போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க மழை. விலை கேட்டு வந்த ஒன்றிரண்டு பேரையும், தன்னைத் தூக்கத்தில் எழுப்பிவிட்டவர்களைப் பார்ப்பது மாதிரி பார்த்தார் நாகயோஷி.

"கண்ணு ஏன் இப்படிச் சிவந்து கிடக்கு?" உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"தூசி."

"கட்டைவிரல்ல பிளாஸ்திரி?"

"கதவு."

அடுத்த சனிக்கிழமை தமாய் மறுபடி வந்தான். அவன் வாயைத் திறக்கும் முன் ஒரு கேசட் மேஜையில் வந்து விழுந்தது.

"அழிக்க மறந்துட்டேன். முந்நூறு யென். வீட்டுல போய்ப் பாரு."

அவன் எங்கே வீட்டுக்குப் போனான்? சோதித்துப் பார்க்க வைத்திருந்த டிவியின் கேம் பெட்டியில் அங்கேயே செருகிவிட்டான்.

கடை நீலமானது. அலமாரி, சுவர், மழைக்கோட்டு மாட்டிய ஆணி, எல்லாவற்றின் மேலும் அலை மெல்ல ஏறி இறங்கியது. நீலம் ஊதாவானது. ஊதா வெள்ளியானது. அதன் நடுவில் ஒரு படகு, எந்த அவசரமும் இல்லாமல்.

தமாய் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வந்திருக்காங்க ஐயா! ஒருத்தர் வந்திருக்காங்க!"

"சரி சரி. அணைச்சுட்டு எடுத்துட்டுப் போ."

"இருங்க, ஆடினவங்க பேர் இருக்கு." டிவிக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்து, உரக்கப் படித்தான். "சயோ!"

உள்ளேயிருந்து நாகயோஷியின் மனைவி ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"யாரு, என்னையா கூப்பிட்டீங்க?"