மாநாட்டு மழை

வால்பாறையில் காலநிலை மாநாடு தொடங்கியதிலிருந்து வட்டாரத்து மேகம் முழுவதையும் மாநாட்டு மண்டபத்துக்கே ஒதுக்கிவிட்டார்கள். மழைக்காட்டில் மழை இல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? கண்ணாடிச் சுவருக்கு வெளியே நாள் முழுக்க இதமாகப் பெய்யவைப்பது ஜெசிந்தாவின் வேலை. மலைக்கு அந்தப் பக்கம், அவள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளில் குடிக்கத் தண்ணீர் இல்லை.

மதியம் கணவன் சவரி போன் செய்தான். "வெள்ளைக்காரனுக்கு மழை பெய்யவைக்கிற மகராசி, இங்க பிள்ளைக்குக் கஞ்சி வைக்கத் தண்ணி இல்ல. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிவிடேன்."

"வேலை போயிரும்."

"போகட்டும். வேலையக் காய்ச்சியா குடிக்கப் போறோம்?"

பிரதிநிதிகள் சாப்பாட்டில் இருந்தார்கள். பதார்த்தம் ஏகம், சீக்கிரம் எழ மாட்டார்கள் என்று நினைத்து மேகத்தை லைன் வீடுகள் பக்கம் தள்ளினாள். அங்கே அண்டா குண்டாவெல்லாம் நிரம்பத் தொடங்கின.

பாயசம் தீர்ந்துபோனதால் பிரதிநிதிகள் முன்னதாகவே மண்டபத்துக்குத் திரும்பிவிட்டார்கள். வெளியே வெயில் பளீரென்று அடித்தது. மாநாட்டு அதிகாரி வேர்த்து வழிய ஓடிவந்தார்.

"என்னம்மா, மழை எங்கே?"

ஜெசிந்தாவுக்கு வாயில் வந்தது இவ்வளவுதான். "காலநிலை மாறிப்போச்சு சார்."

அதிகாரி அதை அப்படியே மேடையேறிச் சொன்னார். இத்தனை வருடம் பேசிய விஷயத்தை அன்றுதான் நேரில் பார்த்தார்கள். சிலர் அழுதுவிட்டார்கள். நிலைமை கைமீறிவிட்டதால் மாநாட்டை இன்னும் ஒரு மாதம் நீட்டிப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அதுவரை மேகம் மண்டபத்தைவிட்டு நகராதபடி போலீஸ் காவல்.

ஜெசிந்தா கணவனைக் கூப்பிட்டாள். "பிடிச்ச தண்ணியையெல்லாம் மூடி வைங்க. ஒருத்தரையும் குளிக்க விடாதீங்க."