பச்சைத் துண்டுகள்

சித்தி தையல்காரி. அவர் இறந்த பிறகு அலமாரியில் கிடந்த துணிகளை வெட்டி, சித்தப்பாவுக்கு ஓர் ஒட்டுப்போர்வை தைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகள் வீட்டுக்கே குடிபோய்விடுவார். அதற்குள் முடிக்க வேண்டும்.

மாலை வகுப்புத் தையல் டீச்சர் விட்டால்தானே.

"இந்தப் பச்சைத் துண்டு கோணல். பிரி."

பிரித்தேன். அடுத்த வகுப்பில் இன்னொரு பச்சைத் துண்டு கோணல். நான்கு வகுப்புகளில் ஆறு துண்டுகள் போயின. திரும்பவும் அதையே வைத்துத் தைத்துவிடுவேனாம். அதனால் அவரே எடுத்து வைத்துக்கொண்டார்.

எனக்குத் தையலே வராதோ? வீட்டில் ஒவ்வொரு துண்டையும் அளவுகோல் வைத்து அளந்து, குறிப்பேட்டில் எழுதினேன். எல்லாம் நேராகத்தான் இருந்தன.

இன்று ஏழாவது துண்டுக்கும் "பிரி" என்றதும் பொறுமை போய்விட்டது.

"எங்க டீச்சர் கோணல்? நீங்களே அளந்து பாருங்க."

அவர் அளக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உன் தையல்ல ஒரு குறையும் இல்லம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி உங்க சித்திகிட்ட பிளவுஸ் தைக்கக் குடுத்த துணி இது. எப்பப் போனாலும் நாளைக்கு வாங்கம்பாங்க."

"தையல் டீச்சர் நீங்க, வெளியே குடுத்தீங்களா?"

"மெல்லப் பேசு. எனக்கு பிளவுஸ் மட்டும் வராது."

ஆறு துண்டுகளையும் மேஜைமேல் சேர்த்துப் பரப்பினார்.

"ஒரு கைக்குத்தான் துணி பத்தல. அந்த ஏழாவதையும் பிரிச்சு, நீயே தச்சுக் குடுத்துடு. உனக்குத்தான் நேரா வருதே."