நெஞ்சுக்கு மேலே கியர்பாக்ஸ்

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நல்ல சாமானை உருவிக்கொள்வார்கள் என்று, பேயாண்டி தன் வீட்டு வாசலிலேயே பழைய அம்பாசடருக்குக் கியர்பாக்ஸ் மாற்றுகிறார். செங்கல் அடுக்கில் நிற்கும் காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார். கருத்த ஆயில் கழுத்தில் ஊர்கிறது. அவர் நெஞ்சுக்கு நேர் மேலே கியர்பாக்ஸ் ஒரே போல்ட்டிலும் ஒரு கயிற்றிலும் நிற்கிறது. காருக்குள் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருப்பவன் மருமகன் ஜெயபாண்டி. காலையில்தான் தெருவே கேட்க அவனைத் திருட்டுப்பய என்றார். கியர் ராடு கழற்றிய ஓட்டை வழியே அவன் கைகள் மட்டும் தெரிகின்றன.

"புடிச்சிருக்கியா?"

"திருட்டுப்பய புடி மாமா, லேசுல விடாது. கழட்டுங்க."

போல்ட் கழன்று மண்ணில் விழுகிறது. கயிறு முறுகுகிறது. மேலே செல்போன் அடிக்கிறது. ஓட்டையில் தெரிந்த கைகளில் ஒன்று காணாமல் போகிறது.

"மாப்ளே" என்கிறார் பேயாண்டி. இம்புட்டு மெதுவாக அவர் யாரையும் கூப்பிட்டதில்லை.