ஸ்டாண்ட் சேர்த்துக்கொண்ட துணை

ஆலை வாசலில் ஓர் ஆங்கிலப் பலகை. அதில் ஸ்டாண்ட் என்ற பெரிய சொல்லும், அதை ஒட்டி அப் என்ற சின்னச் சொல்லும் இருந்தன. இரண்டும் சேர்ந்தால் 'எழுந்து நில்' என்று பொருள். சங்கு ஊதியதும் அதைப் பார்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க வேண்டும்.

"தோழரே, நிமிர்ந்து நில்லுங்க. கூட்டம் வருது" என்றது அப்.

"பொடிப்பயலே, எனக்கே உத்தரவா?" என்று சீறியது ஸ்டாண்ட்.

அந்த நேரம் பார்த்து டவுன் என்ற சொல் கும்பிட்டபடி வந்தது. "தலைவரே, உங்க உயரத்துக்கு இவனெல்லாம் ஒரு ஆளா? நான் உங்க காலடியிலேயே கிடப்பேன்."

"வேண்டாம் தோழரே! இவன் முதலாளி அறையிலிருந்து வர்றான்" என்று பதறியது அப்.

"பக்கத்துல எவன் இருந்தா என்ன? பேசுறது நான்தானே?" என்று ஸ்டாண்ட் அந்தச் சின்னச் சொல்லைக் கீழே தள்ளியது. டவுன் வந்து ஒட்டிக்கொண்டது.

சங்கு ஊதியது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. 'ஸ்டாண்ட் டவுன்' என்ற புதிய ஜோடி சொன்னது, 'விலகிப் போ'. முன்வரிசைக்காரர்கள் கொடியைச் சுருட்டினார்கள்.

"போகாதீங்க! நான் அதே ஸ்டாண்ட்தான்!" என்று அலறியது பெரிய சொல்.

யாரும் திரும்பவில்லை.

"கத்தாதீங்க தலைவரே," என்றது டவுன் பணிவாக. "முதலாளி நம்மளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்."