எஃப் வேணாம்

பதுளை டவுனில் மோட்டர் வைண்டிங் கடை நடத்தும் நேசராணியின் முன்னால், தேயிலை ஃபெக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் கஜேந்திரன் கருகிய மோட்டரை இறக்கிவைத்தார்.

“கொழுந்து காயவைக்கிற அடுப்புக்குப் பக்கத்துல ஓடுற மோட்டர்னு சொல்லித்தானே குடுத்தேன்? ஒரு வாரங்கூட ஓடல. மட்டமான சாமானைப் போட்டு ஏமாத்திட்டீங்க.”

“நீங்க கேட்ட மாதிரியே கம்பிக்கு ஏ கிளாஸ் இன்சுலேஷன்தான் போட்டேன் ஐயா.”

“ஏ கிளாஸ் எப்படிங்க கருகும்?”

“அன்னைக்கே எஃப் கிளாஸ் போடுவோம்னு சொன்னேன். நீங்கதான் கோவிச்சுக்கிட்டீங்க.”

“பின்ன? எஃப்னா ஃபெயில். ஏ.எல். பரீட்சையில நான் மூணு தடவையும் வாங்கினது அதுதான். மோட்டருக்கும் அதையே போடுறதா?”

நேசராணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“இது பரீட்சை இல்லங்க ஐயா. மோட்டர்ல ஏ கிளாஸ்தான் ஆகக் கீழ. கொஞ்சம் சூடு கூடினாலே கருகிரும். எஃப்தான் அடுப்புச் சூட்டுக்கெல்லாம் தாங்கி நிக்கும்.”

கஜேந்திரன் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். கோபம் எங்கேயோ போயிருந்தது.

“எஃப்பே போடுங்க. இப்ப சொன்னதை அப்படியே ஒருக்கா ஃபோன்ல சொல்றீங்களா?”

“தோட்டத்துப் பெரிய தொரைக்குங்களா?”

“இல்ல, என் வீட்டுக்காரிக்கு. அவ ஏ.எல்.ல மூணு பாடத்துக்கும் ஏ. எங்க வீட்டுல சட்டுனு கொதிக்கிறது யாரு, தாங்கிக்கிட்டு நிக்கிறது யாருன்னு இப்பத்தான் விளங்குது.”